பேஸ்மென்ட் சுவரை மூடும் முன்: ஒன்ராறியோவில் ட்ரைவோல் தெரிவதும் அதைப் பூட்ட ஆள் பிடிப்பதும்

ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் பிரம்ப்டனிலும் வீடு வாங்கும் நம்மவர்கள் சில ஆண்டுகளிலேயே பேஸ்மென்டில் கைவைத்துவிடுவார்கள். மோட்கேஜ் ஏறிவிட்டது, வாடகைக்கு விட வேண்டும். ஊரிலிருந்து அம்மா வருகிறார், அவருக்கு ஓர் அறை வேண்டும். பிள்ளைகள் சத்தம் போட்டு விளையாட ஓர் இடம் வேண்டும். வேலை என்றதும் முதலில் தேடுவது சுவரை மூடும் ஜிப்சம் ஷீட் பூட்டுகிற ட்ரைவோல்காரரைத்தான். கடைசியில் கண்ணுக்குத் தெரியப்போவது அவருடைய வேலைதானே. ஆனால் அவர் செய்வது மூடுகிற வேலை. ஈரம், வயர், குழாய், இன்சுலேஷன் எல்லாம் அவருடைய ஷீட்டுக்குப் பின்னால் போய்விடும். எந்த போர்ட், எந்த ஆள் என்ற இரண்டு கேள்விக்கும் பதில் தேடுவதற்கு முன்னர், பின்னால் என்ன இருக்கிறது என்பதைப் பார்த்தாக வேண்டும்.

படி 1: இந்தச் சுவரை இப்போது மூடலாமா?

முதலில் தண்ணீர். 2013 ஜூலை 8 அன்றும் 2024 ஜூலை 16 அன்றும் ரொறன்ரோவில் கொட்டிய மழையில் ஏராளமான பேஸ்மென்ட்களுக்குள் வெள்ளம் புகுந்தது. வெள்ளம் வராத வீட்டிலும் கொங்கிறீட் மண்ணிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். வீடு வாங்கிய முதல் ஆண்டே மூட அவசரப்படாதீர்கள். பனி உருகும் ஏப்ரலும் கோடை மழையும் ஒருமுறை வந்து போகட்டும். சுவரிலும் தரையிலும் ஒரு துண்டு பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, ஓரிரு நாள் விடுங்கள். எடுத்துப் பார்க்கும்போது உள்பக்கம் வியர்த்திருந்தால், அந்த ஈரத்துக்கு வழி காணும்வரை ட்ரைவோல் பேச்சே வேண்டாம். கழிவுநீர் பின்னால் ஏறி வராமல் தடுக்கும் பேக்வாட்டர் வால்வுக்கும் நிலத்தடி நீரை வெளியே தள்ளும் சம்ப் பம்புக்கும் ரொறன்ரோ மாநகரம் மானியம் தருகிறது. அந்த வேலை தரையை உடைத்துச் செய்வது, ஆகவே அதையும் இப்போதே செய்துவிட வேண்டும்.

அடுத்தது வீட்டின் வயது. 1980களுக்கு முன் கட்டிய வீடானால், பழைய ட்ரைவோல் மூட்டுகளில் பூசிய கலவையில் அஸ்பெஸ்டஸ் இருக்கக்கூடும். உத்தரத்துக்கு மேலே வெர்மிகுலைட் என்ற சாம்பல்நிறக் குறுணி இன்சுலேஷன் கொட்டியிருந்தால் அதிலும் இருக்கலாம். இடிக்கும் முன் ஒரு சிறு துண்டை ஆய்வகத்துக்கு அனுப்பிப் பார்ப்பதற்குப் பெரிய செலவில்லை. "அதெல்லாம் ஒன்றும் இராது" என்று சொல்லிவிட்டுச் சுத்தியலை எடுக்கும் ஆளை அங்கேயே நிறுத்துங்கள். அந்தத் தூசி அவருக்கும் கெடுதல், மேலே தூங்கும் பிள்ளைகளுக்கும் கெடுதல்.

பிறகு பெர்மிட். ரொறன்ரோவில் சுவரமைப்பை மாற்றாமல், புதிய குழாய் போடாமல், தனிக் குடியிருப்பாக்காமல் பேஸ்மென்டை வெறுமனே முடிப்பதற்குக் கட்டட அனுமதி தேவையில்லை. குளியலறை சேர்த்தாலோ வாடகைக் குடியிருப்பு ஆக்கினாலோ கட்டாயம் வேண்டும். மற்ற நகரங்களில் விதி சற்று மாறும், ஒரு தொலைபேசி அழைப்பில் கேட்டுவிடலாம். மின்வேலை மட்டும் எங்கேயும் விலக்கில்லை. கூலிக்கு ஆள் பிடித்தால் அவர் உரிமம் பெற்ற மின் கொன்ட்ராக்டராக இருக்க வேண்டும், மாகாணத்தின் மின் பாதுகாப்பு அமைப்பான இ.எஸ்.ஏ.வுக்கு அறிவித்துச் சோதனையும் நடக்க வேண்டும்.

பெர்மிட் வேலையில் பலர் இடறுவது நேர வரிசையில்தான். ஃபிரேமிங், குழாய், மின்வயர், இன்சுலேஷன், ஈரத்தடுப்பு பொலித்தீன் எல்லாவற்றையும் அதிகாரிகள் திறந்த நிலையில் பார்த்து முடித்த பிறகுதான் ஷீட் ஏற வேண்டும். அதற்கு முன் மூடினால் கழற்றிக் காட்டச் சொல்ல அவர்களுக்கு அதிகாரம் உண்டு. சோதனை முடிந்த அன்றே ஒவ்வொரு சுவரையும் அளவுநாடாவை வைத்து போனில் படம் எடுத்து வையுங்கள். நாளைக்கு டிவி மாட்டத் துளை போடும்போது வயர் எங்கே ஓடுகிறது என்று அந்தப் படம் சொல்லும். தண்ணீர் மூடும் வால்வு, பேக்வாட்டர் வால்வு, குழாய் துப்புரவு வாய் இவற்றுக்குத் திறக்கக்கூடிய சிறு கதவு விடச் சொல்லுங்கள். நேரே மூடிவிட்டுப் போகும் போர்டர்கள் (போர்ட் பூட்டுபவர்கள்) இருக்கிறார்கள்.

படி 2: எந்த இடத்துக்கு எந்த போர்ட்

ட்ரைவோல் என்பது இரண்டு தடித்த தாள்களுக்கு நடுவே ஜிப்சம். சுத்த ஜிப்சத்தின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு, படிகத்துக்குள் கட்டுண்ட நீர். தீப்பிடித்தால் அந்த நீர் ஆவியாகிப் போகும்வரை பின்னாலுள்ள மரம் அவ்வளவாகச் சூடேறாது. தீயைத் தாங்குவது இந்த ஜிப்சம் என்றால், பேஸ்மென்டில் தொல்லை கொடுப்பது மேலுள்ள தாள். ஈரம் பட்ட தாளில் பூஞ்சணம் பிடிக்கும்.

சாதாரண சுவருக்கு அரை அங்குல போர்ட் போதும். இப்போது கடைகளில் கிடைக்கும் எடை குறைந்த வகை 4 அடிக்கு 8 அடி ஷீட் ஒன்று சுமார் 40 இறாத்தல் இருக்கும். ஹேகர்ஸ்வில்லில் ஆலை வைத்திருக்கும் சி.ஜி.சி., சேர்ட்டன்டீட் போன்ற கம்பெனிகளின் சரக்குதான் பெரும்பாலும் கிடைக்கும். எந்தக் கம்பெனி என்பதைப் பற்றி நீங்கள் தலையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை. எந்த வகை என்பதைப் பற்றி உடைத்துக்கொள்ள வேண்டும்.

கூரையில் உத்தரங்கள் 16 அங்குல இடைவெளியில் இருந்தால் அரை அங்குலம் சரி. 24 அங்குல இடைவெளி என்றால் சாதாரண அரை அங்குல போர்ட் காலப்போக்கில் நடுவில் தொங்கும். அங்கே கூரைக்கென்றே செய்த தொங்காத அரை அங்குல போர்டோ 5/8 அங்குலமோ போட வேண்டும்.

பேஸ்மென்டின் வெளிச்சுவர்களுக்குப் பூஞ்சண எதிர்ப்பு போர்டைத் தெரிவது நல்லது. விலை வித்தியாசம் ஷீட்டுக்குச் சில டொலர்தான். இன்னும் பாதுகாப்பு வேண்டுமென்றால் தாளுக்குப் பதில் கண்ணாடியிழை முகமுள்ள போர்ட் இருக்கிறது. டென்ஸ்ஆர்மர் அந்த வகை. ஆனால் ஒன்று, பச்சை நிறம் என்றால் தண்ணீர் தாங்கும் என்று நினைத்துவிடாதீர்கள். அது ஈரக் காற்றைத் தாங்கும், அவ்வளவுதான். ஷவருக்குள் டைல் ஒட்டும் சுவருக்குப் பச்சை போர்ட் பொருந்தாது. அங்கே டியூரொக் போன்ற சிமென்ட் போர்ட், கேர்டி போர்ட், இல்லையென்றால் டென்ஸ்ஷீல்ட் வேண்டும். அவற்றிலும் சிமென்ட் போர்ட் தண்ணீரில் கெடாதே தவிர தண்ணீரைத் தடுக்காது, மேலே நீர்காப்புப் பூச்சு பூச வேண்டும். "பச்சை போட்டிருக்கு, பயமில்லை" என்று யாராவது சொன்னால் அவர் ஷவர் கட்டத் தெரியாதவர் என்று எடுத்துக்கொள்ளலாம்.

எந்த போர்டானாலும் அடி விளிம்பு தரையைத் தொடக்கூடாது. அரை அங்குலமாவது மேலே நிற்க வேண்டும், இடைவெளியை பேஸ்போர்ட் மறைத்துவிடும். தரையில் ஒரு வாளி தண்ணீர் கொட்டினால்கூட, தொட்டு நிற்கும் போர்ட் விளக்குத்திரி எண்ணெயை இழுப்பதுபோல் இழுத்துக்கொள்ளும்.

வாடகைக் குடியிருப்பு என்றால் கதை வேறு. மேல்வீட்டுக்கும் கீழ்வீட்டுக்கும் நடுவே தீத்தடுப்புப் பிரிவு வேண்டும். அதற்குத்தான் 5/8 அங்குல டைப் எக்ஸ். உள்ளே கண்ணாடியிழை கலந்திருப்பதால் தீயில் கெதியாக நொறுங்காது. மரச்சட்டச் சுவரின் இருபுறமும் ஒவ்வொரு ஷீட் பூட்டினால் ஒரு மணிநேரம் தாங்கும் என்பதே இந்த வகைக்கான அளவுகோல். உங்கள் வீட்டுக்கு எத்தனை நிமிடம் வேண்டும் என்பது வீட்டின் வயது, ஸ்மோக் அலாரம்கள் ஒன்றோடொன்று இணைந்திருக்கின்றனவா என்பவற்றைப் பொறுத்து மாறும். ஆகவே பக்கத்து வீட்டில் என்ன போட்டார்கள் என்று பார்க்காமல் பெர்மிட் வரைபடத்தைப் பாருங்கள். அதில் போர்டோடு சேர்த்து உலோகச் சானல், இன்சுலேஷன், எத்தனை அடுக்கு என்று எல்லாம் எழுதியிருக்கும். அதில் ஒன்றைக் குறைத்தாலும் அந்த நிமிடக் கணக்கு செல்லாது. அப்படிப்பட்ட கூரையில், உள்ளே பதிக்கும் பொட்லைட்டுக்காக இருபது ஓட்டை போட்டு, மேலே தீக்கவசம் இல்லாமல் விடுவது நிறையப் பேர் செய்யும் வேலை.

இன்னும் இரண்டு இடம். ஸ்பிரே ஃபோம், ஃபோம் போர்ட் ஆகியவற்றை அறைக்குள் திறந்து விட முடியாது. அரை அங்குல ட்ரைவோலாவது மேலே வர வேண்டும், ஸ்டோர் ரூமிலும்தான். வீட்டோடு ஒட்டிய கராஜின் சுவரில் மூட்டுகளை டேப் போட்டு இரண்டு தடவை மட் (மூட்டை மூடும் கலவை) பூசி, கார்ப் புகை வீட்டுக்குள் வராதபடி அடைக்க வேண்டும்.

சத்தத்துக்கென்று விலையான போர்ட்கள் இருக்கின்றன. என் அபிப்பிராயத்தில், முதலில் உத்தரங்களுக்கு நடுவே மினரல் வூல் அடைத்து, ரெசிலியன்ட் சானலில் (அதிர்வைக் குறைக்கும் உலோகப் பட்டி) 5/8 போர்ட் தொங்கவிடுங்கள். அதற்குப் பிறகும் காசு மீதமிருந்தால் அந்த போர்ட்களைப் பற்றி யோசிக்கலாம். சானல் போட்ட கூரையில் திருகாணி நீளமாகி உத்தரத்தில் ஏறிவிட்டால் சானல் போட்ட பயன் போய்விடும். அதனால் அந்த வேலை முன்பு செய்த ஆளாகப் பாருங்கள்.

படி 3: எத்தனை ஷீட் என்று நீங்களே எண்ணுங்கள்

ட்ரைவோலுக்குத் தரையளவில் விலை சொல்பவரும் உண்டு, போர்ட் அளவில் சொல்பவரும் உண்டு. இரண்டும் வெவ்வேறு எண். 20 அடிக்கு 30 அடி பேஸ்மென்ட் என்று வையுங்கள். கூரை 600 சதுர அடி. சுற்றளவு 100 அடி, உயரம் 8 அடி, அது 800. மொத்தம் 1,400 சதுர அடி. ஒரு ஷீட் 32 சதுர அடி, ஆகவே 44 ஷீட். வெட்டுக்கழிவுக்குப் பத்து வீதம் சேர்த்தால் 48. நடுவில் 12 அடி நீளச் சுவர் ஒன்று வந்தால் இரண்டு பக்கமும் எண்ண வேண்டும், இன்னும் 6 ஷீட். 600 சதுர அடி பேஸ்மென்டுக்கு 1,600 சதுர அடி போர்ட் போகிறது என்பது கணக்கு போடும்வரை நம்பமுடியாது. இந்த எண் கையில் இருந்தால் வருபவர்கள் கொஞ்சம் கவனமாகவே கதைப்பார்கள்.

12 அடி ஷீட்டை மாடிப்படியால் இறக்க முடியுமா என்றும் அளந்து பாருங்கள். ஷீட்டின் நீளப்பக்க விளிம்பு சற்றே சரிந்திருக்கும், அந்தப் பள்ளத்தில் டேப்பும் மட் பூச்சும் அடங்கிவிடும். குறுக்குப்பக்க விளிம்பு சரிவில்லாதது, அங்கே மூட்டு வந்தால் மேடு விழும். நீள ஷீட்டில் அந்தக் குறுக்கு மூட்டுகள் குறையும். இறக்க வழியில்லையென்றால் 8 அடிதான், அப்போது மூட்டுக்கு டேப் போடும் டேப்பரின் கைவண்ணம் இன்னும் முக்கியமாகிறது. 48 ஷீட் வந்திறங்கும்போது கிட்டத்தட்ட 2,000 இறாத்தல். மேல்தளத்தில் ஒரே இடத்தில் அடுக்க விடாதீர்கள்.

படி 4: ஆளைத் தேடுவது

ஒன்ராறியோவில் போர்ட் பூட்டுவதும் டேப் போடுவதும் கட்டாயச் சான்றிதழ் வேண்டிய தொழில்கள் அல்ல. மின்வேலைக்கு இருக்கும் கட்டுப்பாடு இதற்கில்லை. ஒரு வானும் ஒரு ஸ்குரூ கன்னும் இருந்தால் யாரும் ட்ரைவோல்காரர். ஆகவே காகிதங்களைப் பார்க்க வேண்டியது உங்கள் பொறுப்பு.

ரொறன்ரோவுக்குள் வீடு திருத்தும் கொன்ட்ராக்டருக்கு மாநகர உரிமம் வேண்டும், பெயரை மாநகர இணையத்தளத்தில் தேடிப் பார்க்கலாம். இரண்டாவது, பொறுப்புக் காப்புறுதி. இருபது இலட்சம் டொலருக்கு இருப்பது வழக்கம். மூன்றாவது, வேலையில் காயப்படுவோருக்கான மாகாணக் காப்புறுதி, அதாவது டபிள்யூ.எஸ்.ஐ.பி. கிளியரன்ஸ். இதில் ஒரு நுணுக்கம் உண்டு: வீட்டுக்காரரிடம் நேரடியாக வேலை எடுத்து, உதவியாள் இல்லாமல் தனியாகச் செய்பவருக்கு அந்தக் காப்பு கட்டாயமில்லை. அவர் இல்லை என்று சொன்னால் பொய் என்று அர்த்தமில்லை. ஆனால் மறுநாள் இரண்டு பையன்களைக் கூட்டிக்கொண்டு வந்தால் அந்த விலக்கு பொருந்தாது. வேலைக்கு எத்தனை பேர் வருவார்கள் என்று முன்னமே கேளுங்கள்.

நம் சமூகத்தில் இந்தக் காகிதங்களைக் கேட்பதுதான் பெரிய சங்கடம். வருபவர் மாமாவின் நண்பராக இருப்பார், அல்லது கோயிலில் தினமும் காணும் அண்ணையாக இருப்பார். அவரிடம் எப்படிக் கேட்பது? கேட்க ஒரு நல்ல வழி இருக்கிறது, அது உண்மையும்கூட. பேஸ்மென்ட் திருத்துவதை உங்கள் வீட்டு இன்ஷூரன்ஸுக்கு நீங்கள் அறிவிக்க வேண்டும். "அண்ணை, வீட்டு இன்ஷூரன்ஸுக்குக் குடுக்க வேணும், உங்கட பேப்பரை ஒருக்கா அனுப்பிவிடுங்கோ" என்றால் முடிந்தது. நல்ல தொழில்காரர் அன்று மாலையே அனுப்பிவிடுவார். முகம் சுளிப்பவரிடம் காகிதம் இருக்காது.

முன்பு செய்த வேலையைக் காட்டச் சொல்லும்போது புதிதாக முடித்ததைப் பார்ப்பதில் பயன் குறைவு. பெயின்ட் பூசிய அன்று எல்லாச் சுவரும் அழகுதான். ஒரு குளிர்காலம் கடந்த வேலையைக் கேளுங்கள். ஹீட்டர் ஓடி மரம் காய்ந்து சுருங்கிய பிறகுதான் மூட்டு வெடிப்பும் திருகாணித் தலை துருத்துவதும் வெளியே வரும்.

எல்லாரிடமும் கேட்க வேண்டிய ஒரு கேள்வி: டேப் போடுவது யார்? போர்ட் பூட்டுபவர் ஒருவர், டேப் போட்டு மட் இழுப்பவர் இன்னொருவர் என்றுதான் பெரும்பாலும் நடக்கும். உங்களோடு பேசியவர் இரண்டும் செய்யாமல் வேலையை வேறு ஆட்களிடம் கொடுத்துவிடுவதும் உண்டு. போர்டர் சுமாராக இருந்தாலும் நல்ல டேப்பர் காப்பாற்றிவிடுவார், சுமாரான டேப்பரை நல்ல போர்டரால் காப்பாற்ற முடியாது. டேப்பரின் பெயரைக் கேட்டு, அவர் செய்த வீட்டைப் பாருங்கள்.

படி 5: விலைச்சீட்டை ஒப்பிடுவது

மூன்று பேரிடம் வாங்குங்கள். மூன்றும் ஒரே வேலைக்குத்தானா என்று பாருங்கள். ஒருவர் சரக்கோடு சொல்லியிருப்பார், இன்னொருவர் கூலி மட்டும். பிரைமர் யார் பூசுவது, குப்பையை யார் கொண்டுபோவது, பொட்லைட் ஓட்டைகளுக்குத் தனிக்காசா என்பதெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும்.

எழுத்தில் இல்லாமல் போவதில் பெரிது, மெருகின் தரம். தொழிலில் 0 முதல் 5 வரை லெவல் உண்டு. லெவல் 4 என்றால் மூட்டுகளில் டேப் பதித்து மேலே இரண்டு தடவை மட் இழுத்துத் தேய்த்தது, வீடுகளில் வழக்கம் அதுதான். லெவல் 5 என்றால் அதற்கும் மேலே சுவர் முழுக்க மெல்லிய மட் பூச்சு. முழு பேஸ்மென்டுக்கும் லெவல் 5 போடுவது வீண்செலவு. மினுக்கம் இல்லாத பெயின்ட் பூசினால் 4 தாராளம். பளபளப்பான பெயின்ட் அல்லது கரும் நிறம் பூசும் சுவர், விளக்கு பக்கவாட்டில் உரசி விழும் நீளச் சுவர், இவற்றுக்கு மட்டும் 5 கேளுங்கள். "நல்ல ஃபினிஷிங்" என்று எழுதிய சீட்டில் பின்னால் சண்டை பிடிக்க எதுவுமில்லை, லெவல் எண்ணை எழுதச் சொல்லுங்கள்.

எத்தனை நாள் என்பதும் பேசும். கலந்து வரும் வாளி மட் ஒவ்வொரு பூச்சுக்கும் ஏறத்தாழ ஒரு நாள் காய வேண்டும், பேஸ்மென்ட் ஈரத்தில் இன்னும் கூடுதலாகும். மூன்று பூச்சையும் இரண்டு நாளில் முடிப்பேன் என்றால் எப்படி என்று கேளுங்கள். டியூராபொண்ட் போல இறுகும் வகைத் தூள் மட்டால் என்று பதில் வந்தால் அது ஏற்கக்கூடியது. வலை டேப் போடுபவராக இருந்தாலும் முதல் பூச்சு அந்த வகையாகத்தான் இருக்க வேண்டும். உள்மூலைகளுக்கும் குறுக்கு மூட்டுகளுக்கும் நான் தாள் டேப்பைத்தான் கேட்பேன்.

படி 6: ஒப்பந்தமும் காசும்

"கேஷ் என்றால் எச்.எஸ்.டி. இல்லை" என்ற வசனம் கட்டாயம் வரும். 13 வீதம் மிச்சம் என்று மனம் இளகும். ஆனால் ரசீது இல்லாவிட்டால் நாளைக்கு சுவர் வெடிக்கும்போது அந்த வேலையை அவர் செய்ததற்கே சாட்சி இல்லை. வாடகைக்கு விடும் பேஸ்மென்டானால் செலவை வரிக்கணக்கில் காட்டவும் முடியாது. ஆண்டுக்கு 30,000 டொலருக்கு மேல் தொழில் செய்பவர் எச்.எஸ்.டி. பதிவு செய்தே ஆக வேண்டும். அவர் தரும் எண் உண்மையா என்று கனடா வருமானவரி முகமையின் தளத்தில் பார்க்கலாம்.

ஒன்ராறியோவின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இரண்டு விஷயம் உங்கள் பக்கம். 50 டொலருக்கு மேற்பட்ட ஒப்பந்தத்தை உங்கள் வீட்டில் வைத்து எழுதினால், அதன் பிரதி கைக்கு வந்ததிலிருந்து 10 நாளுக்குள் காரணம் சொல்லாமலே ரத்துச் செய்யலாம். ஒப்பந்தத்தில் மதிப்பீட்டுத் தொகை இருந்தால், நீங்கள் புதிதாக வேலை சேர்க்காதவரை அதைவிட 10 வீதத்துக்கு மேல் கேட்க முடியாது.

கட்டுமானச் சட்டம் இன்னொன்றும் சொல்கிறது: ஒவ்வொரு கொடுப்பனவிலும் 10 வீதத்தை நீங்கள் பிடித்து வைக்க வேண்டும். கொன்ட்ராக்டர் தன் டேப்பருக்கோ சரக்குக் கடைக்கோ காசு கொடுக்காமல் விட்டால், அவர்கள் உங்கள் வீட்டின் மேல் லியன் (பாக்கிக்கான உரிமைக்கோரிக்கை) பதியலாம். அதற்கான 60 நாள் கடந்த பிறகு பிடித்ததைக் கொடுத்துவிடலாம். முற்பணம் 10 வீதத்துக்கு மேல் கொடுக்காதீர்கள். ஷீட் எல்லாம் ஏறியதும் ஒரு பங்கு, இரண்டாம் பூச்சு முடிந்ததும் ஒரு பங்கு, தேய்த்துப் பிரைமர் பூசிப் பார்த்ததும் மீதி. சரக்கு வாங்கப் பாதிக் காசு வேண்டும் என்றால், கடையில் நீங்களே உங்கள் கார்டில் கட்டி வீட்டுக்கு இறக்கிவிடலாம்.

படி 7: வேலை நடக்கும்போது

ஷீட் ஏறியதும், மட் பூசும் முன் ஒருமுறை இறங்கிப் பாருங்கள். திருகாணித் தலை தாளைக் கிழிக்காமல் சற்றே உள்ளே பதிந்திருக்க வேண்டும். தாள் கிழிந்த திருகாணி எதையும் பிடிக்காது. கதவு, யன்னல் மூலைக்கு நேராக மூட்டு வந்தால் அங்கே வெடிக்கும், ஷீட்டை மூலை சுற்றி வெட்டிப் பூட்டச் சொல்லுங்கள். டைப் எக்ஸ் கேட்ட இடத்தில் அதுதான் ஏறியிருக்கிறதா என்று ஷீட்டின் விளிம்பிலோ முதுகிலோ உள்ள அச்சைப் பார்த்துப் படம் எடுங்கள்.

தேய்க்கும் நாளில் ஃபேர்னஸை நிறுத்தி, குளிர்காற்று இழுக்கும் வாய்களை பிளாஸ்டிக்கால் மூட வேண்டும். அந்த மாவுத்தூசி குழாய்களுக்குள் போனால் மாதக்கணக்கில் மேலே கட்டிலிலும் சோபாவிலும் படியும். முடிந்ததும் ஃபில்டரை மாற்றுங்கள்.

பிரைமர் காய்ந்ததும், இரவில், அறை விளக்கை அணைத்துவிட்டு டோர்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் அடியுங்கள். மேடு, பள்ளம், கீறல் எல்லாம் நிழலோடு தெரியும். ஒவ்வொன்றிலும் பென்சிலால் ஒரு வட்டம் போடுங்கள். பேனாவோ மார்க்கரோ வேண்டாம், பெயின்டை மீறித் தெரியும். டேப்பர் வந்து அந்த வட்டங்களைத் திருத்திய பிறகு கடைசிப் பங்கு. முதல் குளிர்காலத்துக்குப் பின் மூட்டு வெடிப்புகளை ஒருமுறை இலவசமாகத் திருத்தித் தருவதாக ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தால், மே மாதம் அவரைக் கூப்பிட மறக்காதீர்கள்.